வெயில் உள்ளபோதே இறைத்துக்கொள்

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது களத்துமேட்டில் பிறந்த பழமொழி. காற்றைக் குதிரில் கொட்டி வைத்து வேண்டியபோது எடுத்துக்கொள்ள முடியாது. அது வீசும் நேரத்தில் முறத்தோடு நிற்பவனுக்கே பொலி தேறும். இந்தப் பழமொழி இன்று களத்தை விட்டுக் கிணற்றடிக்கு வந்திருக்கிறது. நமது மாநிலத்தில் மின்சாரத்தில் கணிசமான பங்கு இப்போது வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் கிடைக்கிறது. அவை இருக்கும் நேரத்தில் மோட்டார் ஓட வேண்டும். ஆனால் பல ஊர்களில் விவசாயி இன்னும் இரவில்தான் மடை திருப்பிக்கொண்டிருக்கிறான்.

இரவு பதினொரு மணிக்கு மும்முனை மின்சாரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பகலெல்லாம் உழைத்த விவசாயி எழுந்து, டார்ச் விளக்கும் மண்வெட்டியுமாக வரப்பில் நடக்க வேண்டும். ஈரமான கையோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்க வேண்டும். வாய்க்காலில் பாம்பு கிடக்கும். அறுந்த கம்பி கிடந்தாலும் இருட்டில் தெரியாது. கண்ணயர்ந்து போனால் ஒரு பாத்தி நிரம்பி வழியும், அடுத்த பாத்தி காய்ந்து கிடக்கும். கணவனும் மனைவியும் மட்டுமே உழைக்கும் சிறு குடும்பங்களில் பெண்களும் இந்த இரவு வேலைக்குத் தப்புவதில்லை.

இந்த இரவு மின்சாரம் ஏன் வந்தது, அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா என்பதை விவசாயப் பெருமக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காரணம் தெரிந்தால்தான் உரிமையைச் சரியான இடத்தில் கேட்க முடியும்.

மின்சாரத்துக்கு ஏரி இல்லை

ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். எந்த மடையை எப்போது திறப்பது, யாருக்கு எத்தனை நாழிகை என்பதை அவர் பார்த்துக்கொள்வார். மின்சாரத்துக்கும் அப்படி ஒரு நீர்க்கட்டி உண்டு. சென்னையில் மாநில மின்பளு பகிர்வு மையமும், பெங்களூரில் தென் மாநிலங்கள் அனைத்துக்குமான மண்டல மையமும் இரவு பகலாக இந்த வேலையைச் செய்கின்றன.

ஆனால் ஏரி நீர்க்கட்டிக்கு இருக்கும் வசதி இவர்களுக்கு இல்லை. ஏரியில் நீர் நிற்கும். இன்று எடுக்காததை நாளை எடுக்கலாம். மின்சாரத்தைப் பெருமளவில் அப்படித் தேக்கி வைக்க வழி மிகக் குறைவு. நாட்டில் அந்த நொடியில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ, அவ்வளவும் அதே நொடியில் எங்கோ உற்பத்தியாக வேண்டும்.

நெய்வேலியிலும் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் சுழலும் இயந்திரங்கள் அனைத்தும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளைப் போல ஒரே கதியில் செல்கின்றன. அந்தக் கதிக்கு அதிர்வெண் என்று பெயர். நம் நாட்டில் அது நொடிக்கு 50 சுற்று. பாரம் கூடினால் மாடுகள் தளர்வதுபோல, உற்பத்தியைவிடச் செலவு கூடினால் இந்த 50 குறையத் தொடங்கும். செலவு குறைந்தால் கூடும். 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் அதை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது விதி. எவ்வளவு குறுகலான வரப்பின்மீது நடக்கிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும். அளவு மீறிக் குறைந்தால் தானியங்கிக் கருவிகள் சில மின்பாதைகளைத் துண்டித்துவிடும். ஊர் இருளில் மூழ்கினாலும் மொத்த அமைப்பு சரியாமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு.

இந்தப் பாதுகாப்பையும் மீறிச் சரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2012-ம் ஆண்டு ஜூலை 30, 31 தேதிகள் சாட்சி. மழை குறைந்த அந்த ஆண்டில் வடமாநிலங்கள் சில தமக்குரிய பங்கைவிட அதிகமாக மின்சாரம் எடுத்தன. பாரம் தாங்காமல் பீனா - குவாலியர் மின்பாதை துண்டானது. தொடர்ந்து ஒவ்வொன்றாகச் சரிந்தன. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் முழுவதும் நின்றுபோயின. 60 கோடிக்கும் அதிகமான மக்கள் பாதிக்கப்பட்டார்கள். அப்போது தென் மண்டலம் அந்த நுகத்தில் பூட்டப்படவில்லை, அதனால் தப்பியது. 2013-ம் ஆண்டு டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் மின்பாதை வழியாக நாமும் சேர்ந்துவிட்டோம். இன்று பஞ்சாபில் ஓடும் மோட்டாரும் சங்கரன்கோவிலில் ஓடும் மோட்டாரும் ஒரே நுகத்தில்தான் இழுக்கின்றன.

இரவு மின்சாரம் வந்த காரணம்

1932-ம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியபின் கோவை வட்டாரத்தில் மின்சாரம் ஆலைகளுக்கும் கிணறுகளுக்கும் வந்தது. காலப்போக்கில் கமலை இறைத்த மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது. நீர்மின் நிலையத்தை வேண்டியபோது ஓட்டலாம், வேண்டாதபோது நிறுத்தலாம். பின்னர் பெருகிய அனல் மின் நிலையங்கள் அப்படியல்ல. கொதிகலனை அணைத்துவிட்டால் மீண்டும் சூடேற்றி முழு உற்பத்திக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். எனவே இரவிலும் அவை ஓரளவு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஊர் உறங்கும் நேரத்தில் அந்த மின்சாரத்தை யாரிடம் கொடுப்பது? பகலில் ஆலைகளும் அலுவலகங்களும் கேட்கும். மாலையில் வீட்டு விளக்குகள் கேட்கும். நள்ளிரவில் கேட்கக்கூடியவர் விவசாயி ஒருவரே. ஆகவே பம்புசெட்டுகள் இரவுக்குத் தள்ளப்பட்டன. அந்தக் காலத்துக்கு அது பொருத்தமான கணக்கு. விவசாயியின் தூக்கத்தைக் கொண்டு அமைப்பு சமன் செய்யப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

சூரியன் மாற்றிய கணக்கு

அந்தக் கணக்கு இப்போது மாறிவிட்டது. தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986-ம் ஆண்டு சிறிய அளவில் தொடங்கிய காற்றாலைகள் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் கணவாய்களின் வாயில்களில் பரவி, இன்று 10,000 மெகாவாட் திறனைத் தாண்டிவிட்டன. சூரிய மின்சாரம் அதைவிட வேகமாக வளர்கிறது. 2016-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் ஒரே இடத்தில் 648 மெகாவாட் திறனில் சூரிய மின் நிலையம் அமைந்தது. கரிசல் காடுகளிலும் ஆலைகளின் கூரைகளிலும் தகடுகள் பெருகி வருகின்றன.

இதனால் மின்பளு பகிர்வு மையத்தின் தலைவலி இடம் மாறியிருக்கிறது. முன்பு மீதம் நள்ளிரவில் இருந்தது. இப்போது காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணிவரை வெயில் மின்சாரம் பொங்கி வருகிறது. அந்த நேரத்தில் அனல் நிலையங்களைத் தணிக்க வேண்டியிருக்கிறது. ஆடிக் காற்றும் சேர்ந்துகொண்டால், கிடைக்கும் மின்சாரத்தை முழுவதும் வாங்க ஆளில்லாத வேளைகளும் உண்டு. மாலை 6 மணிக்கு மேல் நிலைமை தலைகீழாகும். சூரியன் மறைந்துவிடும், வீடுகளில் விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனம் எல்லாம் ஓடத் தொடங்கும். அப்போது அனல் நிலையங்களைக் கூட்டி, நீர்மின் நிலையங்களைத் திறந்து, வெளியிலிருந்தும் விலை கொடுத்து வாங்க வேண்டும்.

ஆனைமலைப் பகுதியில் உள்ள காடம்பாறை நீரேற்று மின் நிலையம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மின்சாரம் மீதமாக உள்ளபோது கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து நீரை மேலே ஏற்றி வைத்து, தட்டுப்பாடு வரும்போது அதே நீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். மின்சாரத்துக்கு நாம் கட்டிய ஏரி அது. அதன் திறன் 400 மெகாவாட். 2024-ம் ஆண்டு மே 2 அன்று தமிழகத்தின் மின் தேவை 20,830 மெகாவாட்டை எட்டியதை நினைத்தால், இந்த ஏரி எவ்வளவு சிறியது என்பது புரியும். பெரிய மின்கலங்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு முதலீடு வேண்டும்.

இந்த இடத்தில்தான் விவசாயியின் கிணறு வருகிறது. தமிழகத்தில் விவசாய மின் இணைப்புகள் 23 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொன்றும் 5 குதிரைத்திறன் என்று வைத்துக்கொண்டு, அத்தனையும் ஒரே நேரத்தில் ஓடுவதாகக் கணக்கிட்டால் 8,500 மெகாவாட்டைத் தாண்டும். வீட்டு விளக்கை மதியத்துக்கு மாற்ற முடியாது. பயிருக்கு நீர் பாய்ச்சுவதை மாற்றலாம். மண் ஒரு சேமிப்புக் கிடங்கு. பகலில் பாய்ச்சிய நீர் இரவிலும் வேருக்குக் கிடைக்கும். ஆகவே மீதமாகும் வெயில் மின்சாரத்தை உடனே வாங்கிக்கொள்ளக் கூடிய மிகப் பெரிய, மிக மலிவான கூட்டாளி பம்புசெட் விவசாயியே. இரவில் வேலை வாங்குவதற்கு இருந்த பழைய காரணம் போய்விட்டது; பகலில் கொடுப்பதற்குப் புதிய காரணம் வந்துவிட்டது.

ஆலைகளை மதியத்துக்கு இழுக்க அரசு ஏற்கெனவே முனைந்துள்ளது. 2023-ல் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படி, சூரிய நேரம் என வரையறுக்கப்படும் 8 மணி நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். விவசாய இணைப்புகளுக்கு இந்த விதி பொருந்தாது. கட்டணமில்லா மின்சாரம் பெறும் தமிழக விவசாயிக்கு விலைச் சலுகையால் பயனும் இல்லை. அவருக்கு நல்ல நேரத்தைக் கொடுத்தாலே போதும்.

அயல் மாநிலங்களின் அனுபவம்

குஜராத்தில் 2003-ல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில், கிராம வீடுகளுக்கான மின்பாதையையும் விவசாய மின்பாதையையும் தனித்தனியே பிரித்தார்கள். வீடுகளுக்கு நாள் முழுவதும் மின்சாரம். வயலுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் நல்ல மின்னழுத்தத்தோடு மும்முனை மின்சாரம். பலன் கிடைத்தது. ஆனால் முறை வைத்ததில் இரவு வேலை நீங்கவில்லை. எனவே 2020-ல் வயலுக்குப் பகலிலேயே மின்சாரம் தரத் தனித் திட்டம் கொண்டுவந்தார்கள். பாதையைப் பிரிப்பது முதல் படி, நேரத்தை மாற்றுவது இரண்டாம் படி என்பது இதன் பாடம்.

மகாராஷ்டிரத்தில் 2017 முதல், விவசாய மின்பாதைக்கு அருகிலேயே சூரிய மின் நிலையம் அமைத்து அந்த மின்சாரத்தை அங்கேயே செலவிடும் திட்டம் நடக்கிறது. 2019-ல் மத்திய அரசு தொடங்கிய குசும் திட்டத்திலும் இதற்கு இடமுண்டு. மின்சாரம் நெடுந்தூரம் பயணம் செய்யாததால் கம்பியில் வீணாவது குறையும். கடைசி மோட்டாருக்கும் மின்னழுத்தம் சரியாகக் கிடைக்கும்.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்னும் சிற்றூரில் 6 விவசாயிகள் சேர்ந்து சூரிய பம்புகளுக்காகக் கூட்டுறவு அமைத்தார்கள். தங்களுக்குத் தேவைப்படாத மின்சாரத்தை 2016 முதல் மின் நிறுவனத்துக்கு விற்றார்கள். வீணாக இறைப்பதைவிட விற்பது லாபம் என்று ஆனபோது, கிணற்று நீருக்கும் ஒரு காவல் பிறந்தது.

ஒரே நொடியில் எழும் மோட்டார்கள்

தெலங்கானாவில் 2018 ஜனவரி 1 முதல் விவசாயத்துக்கு 24 மணி நேர மின்சாரம் கொடுத்தபோது, விவசாயிகளை ஆட்டோ ஸ்டார்ட்டர்களைக் கழற்றிவிடும்படி அரசு கேட்டுக்கொண்டது. இது நாமும் சிந்திக்க வேண்டிய செய்தி.

மின்சாரம் வந்த உடனே மோட்டாரை ஓடவைப்பது ஆட்டோ ஸ்டார்ட்டர். இரவில் எழுந்து போக முடியாத விவசாயி அதை வாங்கியதில் குற்றமில்லை. ஆனால் விளைவைப் பார்க்க வேண்டும். 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 7.5 ஆம்பியர் எடுக்கும். நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் கணத்தில் அதைப்போல் 5 முதல் 7 மடங்கு கேட்கும். 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் முழுத் திறனில் தரக்கூடியது ஏறக்குறைய 135 ஆம்பியர். அதில் 16 மோட்டார் இருந்தால் நிதானமாக ஓடும்போது 120 ஆம்பியர், தாங்கும். அத்தனையும் ஒரே நொடியில் எழுந்தால் 600 ஆம்பியரும் அதற்கு மேலும் கேட்கும். மின்னழுத்தம் விழும்; பியூஸ் போகும்; டிரான்ஸ்பார்மர் சூடேறும்.

மின்னழுத்தம் விழுந்தால் மோட்டாரின் இழுவைத் திறன் அதைவிட வேகமாக விழும். மின்னழுத்தம் 100-க்கு 80 ஆனால் இழுவை 100-க்கு 64 ஆகிவிடும். அதே பாரத்தை இழுக்க மோட்டார் அதிக மின்னோட்டம் எடுக்கும், காயில் கருகும். காயில் கட்டும் கூலியைவிட, பூவெடுக்கும் சமயத்தில் பத்து நாள் தண்ணீர் இல்லாமல் போவதே பெரிய நஷ்டம். டிரான்ஸ்பார்மரே எரிந்துவிட்டால் அந்த வட்டாரம் முழுவதும் காத்திருக்க வேண்டும்.

இதைத் தவிர்க்கப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு டிரான்ஸ்பார்மரில் உள்ள விவசாயிகள் கூடிப் பேசி, ஏரிப் பாசனத்தில் முறை வைப்பதுபோல யார் முதலில், யார் அடுத்து என்று வகுத்துக்கொள்ளலாம். ஆட்டோ ஸ்டார்ட்டர் இல்லாமல் முடியாது என்பவர்கள், அதில் உள்ள தாமத நேரத்தை ஒருவர் ஒரு நிமிடம், அடுத்தவர் இரண்டு நிமிடம் என்று மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

மோட்டாருக்கு ஏற்ற கெப்பாசிட்டர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 5 குதிரைத்திறனுக்கு 2 கேவிஏஆர், 10 குதிரைத்திறனுக்கு 4 கேவிஏஆர் அளவில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ளதைத் தகுதியுள்ள மின் பணியாளரைக் கொண்டு பொருத்துவது நல்லது. மோட்டார் கம்பியிலிருந்து எடுக்கும் மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு வரை குறையும். கம்பியில் வீணாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். மின்னழுத்தம் நிமிரும். மின்சாரம் நின்ற பின்னும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் சிறிது நேரம் இருக்கும், உடனே தொடலாகாது. இருமுனை மின்சாரத்தில் கெப்பாசிட்டர் வைத்து மும்முனை மோட்டாரை ஓட்டும் வழக்கத்தை அறவே விட வேண்டும். அது தன் மோட்டாரையும் ஊர் டிரான்ஸ்பார்மரையும் ஒருசேரக் கெடுக்கும்.

சில ஐயங்கள்

பகல் மின்சாரத்துக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களையும் பார்க்க வேண்டும். வெயிலில் பாய்ச்சினால் நீர் ஆவியாகும் என்பது ஒன்று. திறந்த வாய்க்காலில் இது ஓரளவு உண்மை. ஆனால் இருட்டில் கவனிப்பாரின்றிப் பாத்தி வழிந்து ஓடும் நீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குழாயும் சொட்டுநீரும் வைத்தவர்களுக்கு இந்தக் குறை பெரிதில்லை.

ஊற்று குறைந்த கிணற்றில் தொடர்ந்து ஏழு மணி நேரம் இறைக்க முடியாது என்பது இரண்டாவது. காலையில் இறைத்து, ஊற விட்டு, பிற்பகலில் மீண்டும் இறைக்கும் வகையில் மின்பாதைகளை அணி பிரித்து நேரம் கொடுத்தால் இது தீரும். எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும் சிக்கலும் இதனாலேயே குறையும்.

மழைக் காலத்தில் மேகம் மூடினால் என்ன செய்வது என்பது மூன்றாவது. ஐப்பசி, கார்த்திகையில் வெயில் குறையும்போது பெரும்பாலும் வயலுக்கு இறைக்க வேண்டிய தேவையும் குறைவு. வெயில் காயும் பங்குனி, சித்திரையில்தான் பயிர் தண்ணீர் கேட்கிறது. அப்போதுதான் சூரிய மின்சாரமும் நிறையக் கிடைக்கிறது. தேவையும் வரவும் இப்படிப் பொருந்துவது வேறெந்தத் தொழிலிலும் அரிது.

தண்ணீரைப் பற்றிய எச்சரிக்கை மட்டும் ஒதுக்கத் தக்கதல்ல. பகல் மின்சாரம் கிணற்றில் ஊற்றைப் பெருக்காது. வசதியாகக் கிடைக்கிறது என்பதற்காக ஓடவிட்டால் நிலத்தடி நீர் இன்னும் கீழே போகும். மின்சார முறையோடு பயிர் முறையும் பாசன முறையும் சேர்ந்து மாற வேண்டும்.

கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

மின் கட்டண உயர்வை எதிர்த்து 1972-ல் கோவை நகரை மாட்டு வண்டிகளால் நிறைத்தவர்கள் நமது விவசாயிகள். 1990-ம் ஆண்டு முதல் விவசாயத்துக்குக் கட்டணமில்லா மின்சாரம் கிடைத்து வருகிறது. அன்றைய போராட்டம் விலையைப் பற்றியது. இன்று கேட்க வேண்டியது நேரத்தையும் தரத்தையும் பற்றியது.

விவசாய மின்பாதைகளை விரைந்து பிரிக்க வேண்டும். மும்முனை மின்சாரத்தை வெயில் நேரத்தில் அணி முறையில் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தை முன்கூட்டியே அறிவித்து அதன்படி நடக்க வேண்டும் என்று மின் வாரியத்தை விவசாயச் சங்கங்கள் வற்புறுத்த வேண்டும். பிரித்த மின்பாதையின் தொடக்கத்தில் அளவி வைத்தால் வயலுக்குச் செல்லும் மின்சாரம் எவ்வளவு என்பது ஊரறியத் தெரியும். எங்கோ நடக்கும் இழப்பையும் திருட்டையும் விவசாயியின் கணக்கில் எழுதும் வழக்கம் அத்துடன் நிற்கும்.

புதிதாக இணைப்புக் கேட்டுக் காத்திருக்கும் சிறு விவசாயிகள், வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியத்தில் தரப்படும் சூரிய பம்புசெட்டுகளைப் பற்றி வட்டார அலுவலகத்தில் விசாரித்துப் பயன்பெறலாம்.

மின்பளு பகிர்வு மையத்தில் இருப்பவருக்கு ஒவ்வொரு கிணறும் திரையில் தெரிவதில்லை. மொத்தப் பாரம் மட்டுமே தெரியும். அந்தப் பாரத்தில் பெரும் பகுதி விவசாயியின் கையில் இருக்கிறது. இனி அவர் மீதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நாட்டின் மின் அமைப்பை நிமிர்த்தி நிறுத்தும் பங்காளி என்ற நிலையிலிருந்தே பேசலாம். முதலில் தன் டிரான்ஸ்பார்மரில் முறை வகுத்து ஒழுங்கைக் காட்டட்டும். பிறகு பகல் மின்சாரத்தை உரிமையோடு கேட்கட்டும். இரவில் விவசாயி நிம்மதியாகத் தூங்குவதும் விளைச்சலில் சேர்ந்ததே.